நாலாவது காது ஸ்க்ரூ

பாகூர் இருசப்பனிடம் ஒரே ஒரு ஸ்க்ரூ வாங்குவதற்காக வெள்ளைக்காரன் ஒருவன் பிரான்சிலிருந்து பிளேன் ஏறி வந்தான் என்றுதான் சேதி முதலில் வில்லியனூருக்குள் நுழைந்தது. கொண்டு வந்தவன் பிளம்பர் ஜெயசீலன். காஜா ஹார்டுவேர்ஸ் கல்லாவுக்கு எதிரே காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முக்கால் இன்ச் எல்போ நாலு கேட்டு, அது உள்ளேயிருந்து வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

"ஒரு ஸ்க்ரூ பாய். ஆயிரம் ரூபா குடுத்துட்டு போறானாம்."

பத்து மணிக்குக் கீரை விற்கிற தையலம்மாள் கூடையை இறக்கியபோது ஆயிரம் மூவாயிரம் ஆகியிருந்தது. மதியத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் எல்லாரும் செருப்புத் தேடும் நேரத்தில் ஐயாயிரம். "வெள்ளக்காரன் இருசப்பன் கையப் புடிச்சி முத்தம் குடுத்தானாம் இல்ல?" என்று செருப்பு கிடைக்காத ஒருவர் தன் பங்குக்குச் சேர்த்தார்.

ஐயாயிரத்தைக்கூட காஜா மொய்தீன் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த முத்தம்தான் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. கடைக்கு அவரைவிட இரண்டு வயது கூடுதல். அவருடைய அத்தா கடை திறந்த அன்று மாட்டிய இரும்புப் பலகை இன்றும் வாசலுக்கு மேலே இருக்கிறது: 'இங்கு இல்லாதது எங்கும் இல்லை.' அத்தா போன பிறகு மகன் அந்தப் பலகைக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்தார், ஒரு முறைகூட அதைப் பொய்யாக்கவில்லை. அதாவது, 'இல்லை' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "நாளைக்கு வரும்" என்பார். தொண்ணூற்றாறாம் வருஷத்து நாளைகள் சில அந்தக் கடையில் இன்னும் விடியாமல் கிடக்கின்றன.

மற்றபடி நல்ல மனிதர். எடையில் கைவைக்க மாட்டார், ஏழை வீட்டுக் கல்யாணத்துக்குத் தாழ்ப்பாள் கீல் இலவசம். ஒரே ஒரு தொந்தரவு. பொறாமை அவருக்குச் சர்க்கரை வியாதி மாதிரி. குடும்பத்திலேயே உண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் இருக்கும், பின்னால் கொஞ்சம் ஏறும். மச்சான் வீட்டு ஏசி, எதிர்க் கடைக்காரனின் முடி, யாரோ ஒருத்தர் மகன் துபாயிலிருந்து அனுப்பிய பேரீச்சம்பழம், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் ஹார்டுவேர் விஷயத்தில் அவர் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அதற்கு ஆள் இல்லை என்றே நினைத்திருந்தார்.

இருசப்பன் ஓர் ஆளா? பாகூர் ஏரிக்கரைச் சாலையில் நாலு தகரத்தை நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து, பம்பு செட்டும் பழைய ஆயில் என்ஜினும் பழுது பார்க்கிறவன். பலகை கிடையாது, பில் கிடையாது, வந்தவர் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அவனிடம் ஸ்க்ரூ வாங்க பிளேனா?

யோசித்துப் பார்த்தபோது காஜாவுக்கு அந்த வெள்ளைக்காரன் யாரென்று புரிந்தது. வெள்ளையும் இல்லை, பிளேனும் இல்லை. சொல்தா வீட்டு ராஜ்மோகன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷனில் வாழும் குடும்பங்களை இந்தப் பக்கம் சொல்தா வீடு என்பார்கள். ராஜ்மோகனின் அப்பா சொல்தா. மகன் பாரிஸ் பக்கம் முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்துவிட்டு, ஏம்பலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார். சும்மா இருந்தால் கரும்பு வளரும் சத்தம் கேட்கிறது என்று சொல்லி, பாண்டியில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய காரை வாங்கினார். அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் கார். பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி. பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். அந்த இரண்டு பேர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், காஜாவால் அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

என்ஜினைச் சென்னை மெக்கானிக் பார்த்துவிட்டார். டயர் மும்பையிலிருந்து வந்தது. பெரிதெல்லாம் கிடைத்து, வண்டி சின்னதில் வந்து நின்றது. முன் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்திருக்கும் நாலு பித்தளை ஸ்க்ரூ. ஸ்பேனர் வேண்டாம், தலையில் இரண்டு காது இருக்கும், விரலாலேயே முடுக்கலாம். ராஜ்மோகன் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டார். முதல் தடவை வேறு மாடலுக்கு உரியது வந்தது. இரண்டாம் தடவை வந்தது காலி உறை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வந்து நின்றது வில்லியனூரில், காஜா கடையில்தான். உடைந்த பாதி ஸ்க்ரூ ஒன்றைக் கல்லாமேல் வைத்தார். காஜா அதை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தார்.

"கால் இன்ச் சார். இங்கிலீஷ் மரை. ஆனா கவலப்படாதீங்க. கால் இன்ச்சும் ஆறு மில்லியும் அண்ணன் தம்பிதான்."

ஆறு மில்லியில் காது ஸ்க்ரூ நாலு எடுத்தார். வாசலில் நின்ற காரிலேயே முடுக்கிப் பார்த்தார். தொளதொள என்று ஆடியது. ஹார்டுவேர்காரன் மூளை எங்கே போகும்? குழாய் ஒழுகாமல் இருக்க மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து, ஸ்க்ரூவுக்கு ஒன்பது சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, இறுக்கினார். "ஆயுசுக்கும் அசையாது சார்" என்றார்.

ராஜ்மோகன் அப்புறம் வரவில்லை. திரும்பி வராதவன் திருப்தியானவன் என்பது காஜாவின் வியாபாரக் கொள்கை. அந்தக் கொள்கைதான் இப்போது ஐயாயிரம் ரூபாயும் ஒரு முத்தமுமாக அவர் முன்னால் வந்து நின்றது. அத்தாவின் பலகை மெய்யா பொய்யா என்று போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை அவர் சட்டை மாற்றும்போது ஆமினா பீவி மோட்டார் போட்டாள். பின்கட்டிலிருந்து தண்ணீர் ஏறும் சத்தம் வந்தது. அதோடு சேர்ந்து, தினமும் வருகிற வசனமும் வந்தது.

"பன்னெண்டு வருசம். ஒரு நாள் மக்கர் பண்ணிருக்கா? இருசப்பன் கை பொன்னு கை."

ஆமாம், அந்த மோட்டாரும் இருசப்பன் கட்டிக் கொடுத்ததுதான். காஜா பட்டனைத் தப்பான ஓட்டையில் போட்டார்.

"எங்க கெளம்பறீங்க?"

"பாகூர்ல ஒரு பார்ட்டி. பைப்பு அளவெடுக்கணும்."

"அப்டியே இருசப்பனப் பார்த்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"நான் இன்னாத்துக்கு அவனப் பாக்கப் போறேன்?"

"பாக்காமதான் அத்தரு பூசினு போறீங்களா?"

மங்கலம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் என்று ஸ்கூட்டர் போயிற்று. ஏம்பலத்தில் கரும்பு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது ஒரு கணக்குப் போட்டார். ராஜ்மோகன் வீட்டிலிருந்து வில்லியனூரும் பாகூரும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆக, அந்த மனுஷன் தூரத்தைப் பார்த்துப் போகவில்லை, ஆளைப் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

இருசப்பன் ஆயில் என்ஜின் ஒன்றைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"வா பாய்! இன்னா, வழி தவறிட்டியா?"

"இல்லப்பா, இந்தப் பக்கம் ஒரு சோலி. சும்மா எட்டிப் பார்த்தேன்."

"குந்து பாய்" என்று ஒரு பழைய சக்கரத்தைக் காட்டினான். அத்தர் பூசிய மனிதர் அதில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

தகரச் சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்கப் பால்பவுடர் டப்பா. ஒவ்வொரு டப்பா வாயிலும் கம்பியில் ஒரு போல்ட் தொங்கியது, உள்ளே இருப்பது இதுதான் என்று. நடுவில் ஓர் இரும்புப் பட்டை, அதில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு மரை. கிடைக்கிற போல்ட்டை எல்லாம் அந்தப் பட்டையில் ஓட்டிப் பார்த்து, எந்த ஓட்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறதோ அந்த டப்பாவில் போடுவான். காஜா கடையில் இப்படி ஒரு பட்டை இல்லை. இல்லையென்று இப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

"ஊர்ல இன்னாமோ பேசிக்கிறாங்க. ஸ்க்ரூவுக்கு ஐயாயிரம் வாங்கினியாமே?"

இருசப்பன் சிரித்ததில் வாயிலிருந்த பீடி விழுந்தது. "அஞ்சு ரூபா கூட வாங்கல பாய். நான் பழைய போல்ட்டுக்குக் காசு வாங்கறதில்ல. ஒண்ணு எடுத்தா ஒண்ணு வைக்கணும், அவ்ளோதான். காசு வாங்கினா கை காலியாப் போகும். போல்ட்டு வாங்கினா டப்பா காலியாவாது."

காஜாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஐயாயிரம் வாங்கியிருந்தால் கொள்ளைக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லலாம். எதுவும் வாங்காதவனை என்ன சொல்வது?

"அப்ப அவர் இன்னா வெச்சிட்டுப் போனாரு?"

இருசப்பன் ஒரு டப்பாவை நீட்டினான். உள்ளே பளபளவென்று நாலு காது ஸ்க்ரூ, ஆறு மில்லி. கழுத்தில் ஒன்பது சுற்று வெள்ளை டேப்.

"இது... புதுசாச்சே" என்றார் காஜா.

"புதுச நான் சேர்க்க மாட்டேன் பாய். இது கழட்டினதுதான். ஏம்பலத்துலேர்ந்து கரையாம்புத்தூர் வரைக்கும் ஓடிகீது. அங்க ஒரு பள்ளம். கண்ணாடி வந்து சார் மடியில குந்திகிச்சு." கண்ணைச் சிமிட்டினான். "எவனோ அண்ணன் தம்பின்னு சொல்லிக் குடுத்தானாம். அண்ணன் தம்பிதான். ஒரே வூட்ல குடித்தனம் பண்ண மாட்டாங்க."

அந்த எவனோவின் காது சிவந்த நேரத்தில் சாலையில் படபடவென்று சத்தம் கேட்டது. பச்சைக் கார் வந்து நின்றது. கண்ணாடிச் சட்டத்தின் மூன்று மூலையில் பித்தளை மின்னியது. நாலாவது மூலையைத் தேங்காய்நார்க் கயிறு பிடித்திருந்தது. ராஜ்மோகன் கதவைத் திறக்காமலே தாண்டி இறங்கினார்.

"ஓ, காஜா பாய்! நீங்களும் இங்கதான் வாங்கறீங்களா?"

இதற்குக் கன்னத்தில் ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

ராஜ்மோகனுக்கு அவசரம். ஞாயிற்றுக்கிழமை பாண்டிக் கடற்கரையில் பழைய கார்களின் ஊர்வலம். கயிறு கட்டிய வண்டியை வரிசையில் விடமாட்டார்கள். "மூணு குடுத்தீங்க இருசப்பன். நாலாவது?"

"தேடினுதான் கீறேன் சார்."

காஜா மொய்தீனுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. நாலாவது இவனிடம் இல்லை! இவன் 'இல்லை' என்கிறான்! அந்த நாலாவதை மட்டும் தான் கொண்டு வந்து வைத்துவிட்டால், அத்தாவின் பலகை பிழைத்துவிடும், இருசப்பன் முக்கால் ஆளாகிவிடுவான்.

"அந்த மூணும் எங்க கெடச்சுது?" என்று எதார்த்தமாகக் கேட்டார். அந்த இடத்துக்கே நேராகப் போய்விடலாம் என்று கணக்கு.

"உன் மூட்டதான் பாய்!"

"எந்த மூட்ட?"

"மில்லு மூடினப்ப ஏலத்துல எடுத்தியே. தறி போல்ட்டு மூட்ட. இங்கிலீஷ் மரை, ஒண்ணுத்துக்கும் ஆவாது, எடத்த அடைக்குது தூக்கினு போன்னு சொன்ன. நான்தான் சும்மா வாங்கமாட்டேன்னு உனக்கு மோட்டார் கட்டிக் குடுத்தேன்."

காஜாவுக்கு மூட்டை ஞாபகம் வந்தது. பித்தளையை எல்லாம் பொறுக்கி விற்றுவிட்டு, இரும்பு என்று ஒதுக்கிய மூட்டை. இரண்டு வருஷம் பின்கட்டில் கிடந்து ஆமினா பீவியின் முழங்காலைப் பதம் பார்த்த மூட்டை.

"அதுல பித்தள ஏது? நான் பார்த்துதான் பொறுக்கினேன்."

"கிரீஸு அப்பி கருப்பாக் கெடந்துச்சு. மண்ணெண்ணெயில போட்டேன், மஞ்சளா சிரிச்சுது."

ஏமாற்றினான் என்று சொல்லலாமா என்று பார்த்தார். மோட்டார் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது. அந்த வழியும் அடைபட்டது. சொந்த மூட்டையைப் பார்த்துச் சொந்தக்காரனே பொறாமைப்படுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். காஜா அன்றைக்கு அனுபவித்தார்.

இருசப்பன் தலையைச் சொறிந்தான். "நாலு இருந்துச்சே... ஒண்ண எங்கியோ போட்டேன்..." சொறிந்துகொண்டே காஜாவைப் பார்த்தான். "பாய்! உன் வூட்டு மோட்டாரு! தண்ணி ஊத்தற வாய்க்கு ஒரு மூடி கீதே, அந்த மூடிய முடுக்கி வெச்சிருக்கறது இன்னா?"

ராஜ்மோகன் திரும்பிப் பார்த்தார். காஜா மொய்தீன் சக்கரத்திலிருந்து மெல்ல எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். நாற்பது வருஷம் சொல்லக் காத்திருந்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"என் கடையில இல்லாதது எங்கியும் இல்ல சார். நாளைக்கு வரும்."

இந்த முறை நாளைக்கே வந்தது. அதற்குள் வீட்டில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். "அவன் போட்டத நீங்க கழட்டறதா?" என்றாள் ஆமினா பீவி. கழற்றினார். மண்ணெண்ணெயில் போட்டார். மஞ்சளாகச் சிரித்தது. மூடிக்கு ஆறு மில்லி போல்ட் ஒன்றைப் போட்டு டேப் சுற்றினார். காலையில் ஆமினா பீவி சுவிட்சைத் தட்டியதும் மூடி பறந்து முருங்கை மரத்தில் பட்டது. போல்ட் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றவள், பன்னிரண்டு வருஷ வசனத்தை அன்று சொல்லவில்லை.

பாகூரில் ராஜ்மோகன் நாலாவது காது ஸ்க்ரூவைத் தானே முடுக்கினார். வலது மூலை, ஓட்டுகிறவர் பக்கம். கயிற்றை அவிழ்த்து எறிந்தார். காஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முத்தம் இல்லை. காஜா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே வைத்திருந்து பார்த்தார்.

"மூடிக்கு இன்னா போட்ட பாய்?" என்று கேட்டான் இருசப்பன்.

"அது... பார்த்துக்கலாம்."

"டேப்பு சுத்தினியா?"

காஜா ஏரியைப் பார்த்தார். இருசப்பன் டப்பாவிலிருந்து இரும்பு போல்ட் ஒன்றை எடுத்து, பட்டையில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் கையில் வைத்தான். "இத போடு. ஆமினாக்காவ நனைய வைக்காத. அப்புறம், ஒண்ணு எடுத்தா ஒண்ணு."

"காது ஸ்க்ரூ குடுத்தேனே!"

"அது சாருக்குக் குடுத்த. எனக்கா குடுத்த?"

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து காஜா புது போல்ட் ஒரு பாக்கெட் எடுத்து நீட்டினார், நூறு எண்ணிக்கை. இருசப்பன் தொடவில்லை. "கடைல வாங்கினது கணக்குல சேராது பாய். ஒரு எடத்துல குந்தி வேல செஞ்சத கழட்டினு வா. ஒண்ணு போதும்."

"நாளைக்கு வரும்" என்றார் காஜா, பழக்க தோஷத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை காஜா கடை வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, எதிர்க் கடைக்காரன் உட்பட இருபது பேரைக் கூட்டி வைத்திருந்தார். கார் வில்லியனூர் வழியாகத்தான் பாண்டிக்குப் போகும். "வலது பக்கம் மேல பாருங்க, அதான் என்னுது" என்று எல்லாரிடமும் இரண்டு முறை சொல்லியாயிற்று. எட்டரைக்குச் சத்தம் கேட்டது. பச்சைக் கார் வந்தது. ஆரன் அடித்தது. ராஜ்மோகன் தொப்பி வைத்திருந்தார்.

பக்கத்து சீட்டில், வெள்ளைச் சட்டை போட்டு, முடியை எண்ணெய் வைத்து வழித்து வாரி, இருசப்பன்.

இரண்டே பேர் உட்காரலாம்.

"பாய்!" என்று கையை ஆட்டினான். இருபது பேரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். வலது மூலையை யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை ஜெயசீலன் கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்து புதுச் சேதி சொன்னான். "தெரியுமா பாய், உங்க வூட்டு மோட்டாரக் கழட்டிதான் இருசப்பன் அந்தக் காரையே செஞ்சானாம்."

இப்போது காஜா ஹார்டுவேர்ஸ் பக்கம் போகிறவர்கள் கவனித்தால் தெரியும், 'இங்கு இல்லாதது எங்கும் இல்லை' என்ற பலகை இடது பக்கம் அரை இன்ச் இறங்கியிருக்கிறது. அத்தா காலத்து இங்கிலீஷ் மரை போல்ட் நாலில் ஒன்றைக் காஜா ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையாலேயே கழற்றிவிட்டார். அறுபத்தொரு வருஷம் ஓர் இடத்தில் குந்தி வேலை செய்த போல்ட், இருசப்பனே குறை சொல்ல முடியாது. அந்த ஓட்டையில் இப்போது ஆறு மில்லி இருக்கிறது. வெள்ளை டேப்பும் தெரிகிறது.

கழற்றியது அவர் சட்டைப்பையில், வயிற்றெரிச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று முறை பாகூர் போய் வந்தார். மூன்று முறையும் சக்கரத்தில் உட்கார்ந்தார், டீ குடித்தார், பையைத் தொட்டுப் பார்த்தார். இருசப்பனும் கேட்கவில்லை. ஆமினா பீவிதான் தினமும் மோட்டார் போடும்போது கேட்கிறாள். "அந்த ஒரு போல்ட்டக் குடுத்துத் தொலைங்களேன். இன்னாத்துக்கு அவனுக்குக் கடன் பட்டுனு?"

"குடுக்கறேன், குடுக்கறேன்."

"எப்ப?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார். கொடுக்கக் கூடாது என்றில்லை. கொடுத்துவிட்டால், அவன் டப்பாவில் அது ஒன்று கூடிவிடுமே.